வக்கீல் வைக்க வசதி இல்லை, என்ன செய்வது? இலவச சட்ட உதவி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாலுகா கோர்ட் வளாகத்தில் சட்ட உதவி மையம் என்று ஓர் அறை இருக்கும். பெரும்பாலும் படிக்கட்டை ஒட்டியோ ரெக்கார்டு ரூமுக்குப் பக்கத்திலோ, சட்டென்று கண்ணில் படாத இடத்தில் இருக்கும். அப்படி ஓர் அறையில் மனு எழுதிக் கொடுக்கும் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதை எடுத்துப் பேச ஓர் ஆள் பக்கத்தில் நிற்காவிட்டால் ஏழைக்கு அது இல்லாததுதான். அந்த ஆளைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வக்கீல் வைக்கக் காசு இல்லை. அரசாங்கமே வக்கீல் தருமாமே, உண்மையா?

உண்மைதான். 1987-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி தாலுகா, மாவட்டம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என எல்லா மட்டத்திலும் இலவசமாக வக்கீல் கிடைப்பார். வக்கீல் ஃபீஸ் மட்டும் இல்லை. கோர்ட் ஃபீஸ், சம்மன் அனுப்பும் செலவு, டைப் செலவு, தீர்ப்பு நகல் எடுக்கும் செலவு எல்லாமே இதில் அடங்கும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிரிமினல் கோர்ட்டில் அரசு வக்கீல் என்று ஒருவர் இருப்பார். அவர் போலீஸ் போட்ட வழக்கை அரசுக்காக நடத்துகிறவர். உங்கள் மேல் வழக்கு என்றால் அவர் எதிர்த்தரப்பு. நீங்கள் கேட்க வேண்டியது சட்ட உதவி வக்கீலை.

யாருக்கெல்லாம் கிடைக்கும்?

பெண்கள் எல்லோருக்கும் கிடைக்கும். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது தெரிவதில்லை. சம்பளம் எவ்வளவு, வீட்டுக்காரர் பேரில் வீடு இருக்கிறதா, அப்பா வசதியானவரா என்ற எதுவும் கணக்கில் வராது. ஜீவனாம்ச வழக்குப் போட வரும் பெண்கள் வருமானச் சான்றிதழுக்காக வி.ஏ.ஓ. ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அலைந்து, ஒரு வேலை நாளின் கூலியையும் இழந்துவிட்டு வருவதைப் பார்த்தால் வேதனையாக இருக்கும். அந்தச் சான்றிதழே தேவையில்லை.

குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், ஆள்கடத்தலுக்கோ கொத்தடிமைத்தனத்துக்கோ ஆளானவர்கள், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், சாதிக் கலவரம் போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர்கள், போலீஸ் காவலிலோ சிறையிலோ இருப்பவர்கள் ஆகியோருக்கும் வருமான வரம்பு கிடையாது. இதில் எதிலும் சேராதவருக்கு மட்டும்தான் வருமானம் பார்ப்பார்கள். உச்ச நீதிமன்ற வழக்கென்றால் வரம்பு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். மற்ற நீதிமன்றங்களுக்கு மாநில அரசு வரம்பு வைக்கிறது.

இது அரசாங்கம் இரக்கப்பட்டுக் கொடுப்பதுதானே? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட வேண்டாம். இது ஒருவர் பார்த்துக் கொடுக்கிற தர்மம் இல்லை. 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் 39ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பணம் இல்லை என்ற காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்காக அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று அது சொல்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1973-ல், வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு இதைப் பற்றி விரிவான அறிக்கை கொடுத்திருந்தது. தலச்சேரியில் விவசாயிகளுக்கும் தொழிலாளிகளுக்கும் வாதாடிய வக்கீல் அவர். அப்புறம் கேரளத்தின் சட்ட அமைச்சர், உச்ச நீதிமன்ற நீதிபதி. கட்சிக்காரரின் கஷ்டம் என்னவென்று பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர் எழுதிய அறிக்கை என்பது முக்கியம்.

சட்டப் புத்தகத்தில் இருந்த இந்த வரிக்கு உயிர் கொடுத்தவை சில வழக்குகள். 1979-ல் பீகார் சிறைகளைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியை வைத்து கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வக்கீல் உச்ச நீதிமன்றம் போனார். அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. விசாரணையே தொடங்காமல் வருடக் கணக்கில் மக்கள் சிறையில் கிடந்தார்கள். குற்றம் நிரூபணமாகியிருந்தால்கூட அவ்வளவு காலம் உள்ளே இருந்திருக்க மாட்டார்கள். அப்படியும் பலர் இருந்தார்கள். வக்கீல் இல்லை, ஜாமீன் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான் அவர்கள் செய்த தப்பு. இலவச சட்ட உதவி என்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 1986-ல் வந்த சுக் தாஸ் வழக்கு. அருணாசலப் பிரதேசத்தில் ஓர் அரசு ஊழியர். பொறியாளர் ஒருவரை மிரட்டினார் என்று வழக்கு. வக்கீல் இல்லாமல் விசாரணை நடந்து இரண்டு வருட சிறைத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில், 'அவர்தான் சட்ட உதவி கேட்கவே இல்லையே' என்று சொல்லப்பட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் நிறைந்த நாட்டில், தெரியாத உரிமையை ஒருவர் எப்படிக் கேட்பார்? உனக்கு இலவச வக்கீல் உண்டு என்று சொல்ல வேண்டியது நீதிபதியின் கடமை. சொல்லாமல் நடத்திய விசாரணை செல்லாது. இரண்டு வருட தண்டனையை அப்படியே ரத்து செய்தார்கள்.

இலவச வக்கீல் ஒழுங்காக வாதாடுவாரா?

எல்லோரும் கேட்க நினைத்து, பாதிப் பேர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி இது. நேராகவே சொல்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சட்ட உதவிப் பட்டியலில் இருக்கும் பேனல் வக்கீல்களுக்கு ஒரு வழக்குக்குக் கிடைக்கும் தொகை மிகக் குறைவு, அதுவும் தாமதமாகத்தான் வரும். அதனால் சொந்தக் கட்சிக்காரரின் வழக்கைப் பார்த்துவிட்டு, இந்த வழக்குக்கு வாய்தா வாங்குகிறவர்களும் உண்டு. ராத்திரி உட்கார்ந்து சாட்சியின் வாக்குமூலத்தை வரி வரியாகப் படித்துவிட்டு வரும் ஜூனியர்களும் உண்டு. தொழிலில் பெயர் எடுக்க வேண்டிய வயதில் இருக்கும் ஒரு நல்ல ஜூனியர், நேரமே இல்லாத சீனியரைவிட உங்களுக்கு அதிகம் பயன்படுவார். இதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன்.

2022 முதல், கிரிமினல் வழக்குகளுக்காக முழுநேர சட்ட உதவி வக்கீல்கள் நியமிக்கப்பட்டு வருகிறார்கள். மாதச் சம்பளம் வாங்குவதால் தனியாக வழக்கு எடுக்கக் கூடாது. இது சரியான திசை என்பது என் கருத்து. ஏழைக்காக வாதாடுகிற வக்கீலுக்கு அரைகுறையாகக் கூலி கொடுத்துவிட்டு முழு உழைப்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உங்கள் பங்கும் இதில் இருக்கிறது. காலை பத்தரைக்கு கோர்ட் உட்கார்ந்ததும் வழக்குகளை வரிசையாகக் கூப்பிடும் கால் ஒர்க் ஆரம்பிக்கும். டவாலி என்கிற கோர்ட் ஊழியர் வாசலில் வந்து நின்று பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். அந்த நேரத்தில் டீக்கடையில் இருந்தால் போச்சு. சிவில் வழக்கில் பிரதிவாதியும் இல்லை, வக்கீலும் இல்லை என்றால் எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்சம்) ஆகி, எதிராளி சொன்னதை வைத்தே டிக்ரி ஆகிவிடலாம். அதை ரத்து செய்ய மனுப் போட 30 நாள்தான் கெடு. எனவே வழக்கு எண்ணையும் அடுத்த வாய்தா தேதியையும் நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் இருக்கும். அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த தேதி, என்ன உத்தரவு என்பதெல்லாம் தெரியும். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அதுவே பார்த்துச் சொல்லிவிடும்.

வக்கீல் சரியாகக் கவனிக்கவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கு எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். அவர் நீதித் துறை அதிகாரி. புகார் செய்தால் வழக்கு கெட்டுப்போகுமோ என்ற பயம் வேண்டாம்.

போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டால் அந்த நேரத்தில் வக்கீலுக்கு எங்கே போவது?

கைதான நிமிடத்திலிருந்தே வக்கீலைக் கலந்து பேசும் உரிமை அரசியலமைப்பின் 22-வது பிரிவில் இருக்கிறது. எதற்குக் கைது என்று சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் 15100 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம்.

ரிமாண்டு, அதாவது காவலில் வைக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவது, பெரும்பாலும் சாயங்காலத்திலோ விடுமுறை நாளிலோதான் நடக்கும். ஆள் பயந்துபோயிருப்பார், பசியோடு இருப்பார், கூட வந்த போலீஸ்காரர் பக்கத்திலேயே நிற்பார். மாஜிஸ்திரேட் 'அடிச்சாங்களா, ஏதாவது சொல்லணுமா?' என்று கேட்கும்போது பலர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிடம் மிகவும் முக்கியம். அடித்திருந்தால் சொல்லுங்கள், பதிவாகும். 'எனக்கு வக்கீல் வேணும், வைக்க வசதி இல்லை' என்றும் சொல்லுங்கள். பீகாரின் பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்ணைக் குருடாக்கிய வழக்கில், 1981-ல், முதல் தடவை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போதே சட்ட உதவி தர வேண்டும், நிதி இல்லை என்று அரசு சாக்குச் சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியவில்லை. ஜாமீன்தாரர் இல்லை.

இந்த நிலையில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், அதாவது இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள்.

1978-ல் மத்தியப் பிரதேசத்தில் மோதி ராம் என்ற கொத்தனார் வழக்கு வந்தது. 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரர் ஜாமீன் கொடுக்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். கிருஷ்ணய்யர் அந்த உத்தரவை மாற்றி, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று விடுவித்தார். அன்றைக்குக் கொத்தனாருக்குப் பத்தாயிரம் என்பது கைக்கு எட்டாத தொகை. ஏழையிடம் பணக்காரத் தொகை கேட்பது ஜாமீன் மறுப்பதற்குச் சமம். உங்கள் வழக்கிலும் தொகையைக் குறைக்கவோ சொந்தப் பிணையில் விடவோ சட்ட உதவி வக்கீல் மூலம் மனுப் போடலாம்.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாக இருந்துவிட்டால் பிணையில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது.

கொலைக் குற்றவாளிக்கெல்லாம் எதற்கு வக்கீல்? அவனுக்காக ஆஜராகிற வக்கீலுக்கு மனசாட்சி இல்லையா?

பாதிக்கப்பட்டவர் வீட்டார் கேட்கும்போது பதில் சொல்லவே கஷ்டமாக இருக்கும். அவர்களுடைய வலி அப்படிப்பட்டது. ஆனாலும் பதில் ஒன்றுதான். அவன்தான் செய்தானா என்பதை முடிவு செய்யத்தானே விசாரணை? இரண்டு பக்கமும் பேச ஆள் இருந்தால்தான் அது விசாரணை. வக்கீல் இல்லாமல் கொடுத்த தண்டனை மேல்முறையீட்டில் உடைந்துபோகும். சுக் தாஸ் வழக்கே சாட்சி. நிஜக் குற்றவாளிக்குத் தண்டனை நிலைக்க வேண்டும் என்றாலும் அவனுக்கு வக்கீல் வேண்டும்.

ஒரு கொடூரம் நடந்தால், 'இவனுக்காக எங்கள் சங்கத்தில் யாரும் ஆஜராக மாட்டோம்' என்று வக்கீல் சங்கங்கள் தீர்மானம் போடுவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மக்கள் கைதட்டுவார்கள். ஆனால் அது சட்டப்படி செல்லாது. கோயம்புத்தூரில் போலீசுக்கும் வக்கீல்களுக்கும் ஏற்பட்ட மோதலுக்குப் பிறகு, குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்கே சங்கம் தீர்மானம் போட்டது. அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏ.எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில், 2010 டிசம்பரில், இப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாமே சட்டவிரோதம், வக்கீல் தொழிலின் மரபுக்கே விரோதம் என்று தீர்ப்பு வந்தது. இன்றைக்கு ஊரே வெறுக்கிற ஒருவனுக்கு வக்கீல் மறுக்கப்படுவதை நாம் ஏற்றுக்கொண்டால், நாளைக்குப் பொய் வழக்கில் சிக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் அதே மறுப்புதான்.

லோக் அதாலத்தில் பேசி முடிக்கச் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

வாகன விபத்து இழப்பீடு, செக் மோசடி, பாகப்பிரிவினை, வங்கிக் கடன் போன்றவற்றுக்கு லோக் அதாலத், அதாவது இரு தரப்பையும் சமரசமாக முடிக்க வைக்கும் மக்கள் நீதிமன்றம், நல்ல வழி. கட்டிய கோர்ட் ஃபீஸ் முழுதும் திரும்பக் கிடைக்கும். (கோர்ட்டுக்கு வெளியே நீங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் கோர்ட் ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2021-ல் உறுதி செய்தது.) சமரசம் செய்ய முடியாத கிரிமினல் குற்றங்களை அங்கே முடிக்க முடியாது.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லோக் அதாலத் உத்தரவுக்கு அப்பீல் கிடையாது. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். விபத்தில் கணவரை இழந்த பெண்ணிடம் 'இப்போ வாங்கிக்கோம்மா, இல்லேன்னா இன்னும் அஞ்சு வருஷம் அலையணும்' என்று இழுத்தடிப்பைக் காட்டியே தொகையைக் குறைப்பதைப் பார்த்திருக்கிறேன். அது சமரசம் இல்லை. தொகை சரியா என்று உங்கள் வக்கீலிடம் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் மறுக்கலாம். வழக்கு பழையபடி கோர்ட்டுக்கே போகும்.

வக்கீல் பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார். யாரிடம் சொல்வது?

1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவின்படி வக்கீல்களின் ஒழுங்கைக் கவனிக்கும் மாநில பார் கவுன்சிலில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். கண்டிப்பதிலிருந்து தொழில் செய்யவே தடை விதிப்பது வரை அதற்கு அதிகாரம் உண்டு. ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பங்கு பேசுவது தொழில் விதிகளுக்கு விரோதம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி உங்கள் வழக்குக் கட்டைத் தர மறுக்கவும் முடியாது. 2000-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது.

ஃபீஸ் கொடுத்தால் ரசீது கேளுங்கள். கேட்கச் சங்கடமாக இருந்தால் வங்கி வழியாக அனுப்புங்கள்.

வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தால் என் வழக்கு என்ன ஆகும்?

தள்ளிப்போகும். வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2002-லேயே ஹரிஷ் உப்பல் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது, ஆனாலும் நடக்கிறது. நியாயமான கோரிக்கைகள் அவர்களுக்கு உண்டு. அதற்காக, கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்தவர் வாசலிலிருந்தே திரும்பிப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோர்ட்டில் தமிழில் பேசலாமா?

மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களில் தாராளமாகப் பேசலாம். சாட்சியம் தமிழிலேயே பதிவாகும், தீர்ப்பும் தமிழில் எழுதலாம். உயர் நீதிமன்றத்தில்தான் ஆங்கிலம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அனுமதி இருக்கும்போது சென்னையில் தமிழுக்கு இல்லை என்பது நீண்ட நாள் குறை. நியாயமான குறை என்பேன். தன் வழக்கில் என்ன பேசுகிறார்கள் என்று கட்சிக்காரருக்கே புரியாமல் நடப்பது நல்லதில்லை. ஆங்கிலத்தில் டைப் செய்த மனுவில் கையெழுத்துப் போடும் முன் 'தமிழில் சொல்லுங்க சார்' என்று கேளுங்கள்.

இவ்வளவும் சொல்கிறீர்கள். நிஜமாகவே ஏழைகள் சட்டத்தால் ஜெயித்திருக்கிறார்களா?

தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம் வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரத் தேடுதல் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நாசமாக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊரே குற்றவாளியாக்கப்பட்டுச் சிறைக்குப் போனது.

அந்த மக்களுக்குப் பின்னால் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் நின்றன. அக்கட்சியின் தலைவர் ஏ. நல்லசிவன் தொடுத்த வழக்கில் 1995-ல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவானது. 269 பேர் மேல் வழக்கு. விசாரணை முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டார்.

சம்பவத்திலிருந்து உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு 31 வருடம். இதை வெற்றி என்று முழு மனதோடு சொல்ல எனக்கு நா வரவில்லை. தோல்வி என்று சொல்லவும் மாட்டேன். அந்தப் பெண்கள் கோர்ட்டில் நின்று தங்களைக் கெடுத்தவர்களை அடையாளம் காட்டினார்கள். அவர்கள் சொன்னதைச் சட்டத்தின் மொழியில் கோர்த்துத் தர வக்கீல்கள் இருந்தார்கள். வழக்கு நடந்த காலமெல்லாம் அந்த மக்களைத் தனியே விடாமல் சங்கம் இருந்தது. இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் அந்த 215 பேரும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

சரி, நான் எங்கே போய், எதைக் கொண்டுபோய்க் கேட்பது?

பக்கத்து தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். மாவட்டக் கோர்ட் வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு. சிறைக்குள்ளும் சட்ட உதவி மையம் உண்டு. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். எழுதத் தெரியாது என்றால் வாயால் சொல்லுங்கள், நாங்கள் எழுதுகிறோம். ஆதார் நகல், சாதிச் சான்றிதழோ மாற்றுத்திறனாளி அட்டையோ இருந்தால் அதன் நகல், கோர்ட்டிலிருந்தோ போலீஸிலிருந்தோ வந்த எல்லாத் தாளும் கொண்டுவாருங்கள். சம்மன் வந்த கவரைக்கூடத் தூக்கிப் போட வேண்டாம். எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதற்குச் சில சமயம் அந்தத் தபால் முத்திரைதான் ஆதாரம். அசலைக் கொடுத்துவிடாதீர்கள், நகலைக் கொடுத்தால் போதும். மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மனு கொடுக்கவோ வக்கீல் நியமிக்கவோ யாராவது பணம் கேட்டால் கொடுக்காமல், ஆணைக்குழுச் செயலாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.